பாபின் சுற்ற தனி மெஷின்... வீட்டில் தைக்கும் பெண்களுக்கு அவசியமா?

தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும், தெருவுக்கு ஒரு வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் இரவு பத்து மணி தாண்டியும் கேட்கும். கட்டில் மேல் துணிப்பைகள் குவிந்திருக்கும். ஒவ்வொரு பையிலும் ஓர் அளவு ஜாக்கெட், பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ''அக்கா, ஊருக்குக் கிளம்பணும், நாளைக்கே வேணும்'' என்று வாசலில் ஒருவர் நிற்பார். அந்த நேரம் பார்த்து கீழ் நூல் தீர்ந்துபோகும். மெஷின் ஓடும், ஊசி ஏறி இறங்கும், தையல் மட்டும் விழுந்திருக்காது. ஒரு முழம் ஓட்டிய பிறகுதான் அது கண்ணில் படும்.

இனி பாபினைக் கழற்றி, மேல் நூலை உருவி, பாபின் சுற்றி, திரும்ப நூல் கோத்து, விட்ட இடத்தில் இருந்து தைக்க வேண்டும். கடுப்போடு போனைக் கையில் எடுத்தால், பாபின் மட்டும் சுற்றும் சின்ன மெஷின் ஒன்று விளம்பரமாக வந்து நிற்கிறது. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டுகிறது. ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு கூலி என்று எண்ணிச் சம்பாதிக்கும் வீட்டில் இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. வாங்கலாமா, வேண்டாமா?

பாபின் ஏன் சீக்கிரம் தீர்கிறது?

தையல் மெஷினில் ஒரு தையல் விழ இரண்டு நூல் வேண்டும். மேல் நூல் ஊசி வழியாகத் துணிக்குள் இறங்குகிறது. கீழே உள்ள கொக்கி அந்த நூலை ஒரு வளையமாக இழுத்து, பாபினைச் சுற்றி முழுதாகக் கடத்திவிடுகிறது. அப்போது கீழ் நூல் அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொண்டு இறுகுவதுதான் ஒரு தையல்.

மேல் நூலின் வளையம் பாபின் முழுவதையும் சுற்றி வர வேண்டியிருப்பதால், பாபினைப் பெரிதாகச் செய்ய முடியாது. மேலே ஆயிரம் மீட்டர் கோன் நூலை வைத்தாலும், கீழே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத்தான் இடம். எந்த கம்பெனி மெஷின் வாங்கினாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

எவ்வளவு நூல் போகிறது? சாதாரண நேர்த் தையலில் ஒரு மீட்டர் தைக்க மேலும் கீழுமாகச் சேர்த்து சுமார் இரண்டரை மீட்டர் நூல் ஆகும். அதில் பாதி, அதாவது ஒன்றேகால் மீட்டர், பாபினில் இருந்து வருவது. துணி கனமாக இருந்தாலோ, தையல் நெருக்கமாக இருந்தாலோ இன்னும் கூடும். ஜிக்ஜாக் தையலுக்கும் அதிகம் தேவை.

என்னென்ன வகை இருக்கிறது?

பாபின் சுற்றும் கருவி கிட்டத்தட்ட எல்லா மெஷினிலும் ஏற்கெனவே இருக்கிறது. கால் மிதித்து ஓட்டும் கறுப்பு மெஷினில் கைச்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன அச்சும் அதில் ரப்பர் வளையமும் இருக்கும். வளையம் சக்கரத்தில் உரசிச் சுற்ற, பாபினும் சுற்றும். சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி அசையாது.

கடைகளில் ஓடும் பவர் மெஷினில் பாபின் சுற்றி பெரும்பாலும் மேஜை மேல் பெல்ட்டை ஒட்டி இருக்கும். சில மாடல்களில் மெஷின் தலையிலேயே இருக்கும். தைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாபினும் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் இந்த வகை மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கருவிக்கான தேவை கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது ஸ்டாண்டில் ஒரு கோன் நூலை மாட்டி, இருக்கிற வசதியைப் பயன்படுத்தினாலே போதும்.

விளம்பரத்தில் வரும் தனிக் கருவி மூன்றாவது வகை. உள்ளங்கையில் அடங்கும் அளவில், பேட்டரியிலோ, அடாப்டரிலோ, யு.எஸ்.பி. ஒயரிலோ ஓடும். நூலை ஒரு பக்கமும் பாபினை மறுபக்கமும் மாட்டி பட்டனை அழுத்தினால் சுற்றிவிடும். மெஷினை நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் இதன் முக்கியமான லாபம்.

நேரம் எங்கே போகிறது?

பாபின் மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, நிறம் மாறும்போது. மெரூன் ஜாக்கெட் முடிந்து பச்சை ஜாக்கெட் தொடங்குகிறது. இப்போது எப்படியும் மேல் நூலையும் மாற்றத்தான் போகிறோம். ஆகவே பச்சை நூலை எடுத்து முதலில் பாபின் சுற்றிவிட்டு, அதே நூலை மேலே கோத்தால், கூடுதலாகச் செலவாவது பாபின் சுற்றும் ஒரு நிமிடம் மட்டுமே.

இரண்டாவது, தையலின் நடுவில் நூல் தீரும்போது. மேல் நூல் அதே நிறம்தான். ஆனால், அந்த நிறத்தில் ஒரே டியூப் நூல் இருந்தால், கோத்ததை உருவித்தான் பாபின் சுற்ற வேண்டும். சுற்றியதும் திரும்பக் கோக்க வேண்டும். விட்ட இடத்தைப் பிடித்து ஒட்டுத் தையல் போட வேண்டும். கவனமும் கலையும், நேரமும் போகும்.

வீட்டில் ஜாக்கெட் தைப்பவர்களுக்கும் புடவைக்கு ஃபால்ஸ், பீகோ அடிப்பவர்களுக்கும் முதல் வகைதான் அதிகம். ஃபால்ஸ் துணியின் நீளம் சுமார் இரண்டரை மீட்டர். இரண்டு ஓரமும் மெஷினில் அடித்தால் ஐந்து மீட்டர் தையல். கீழ் நூல் ஆறேகால் மீட்டர். முந்தானைக்கும் உள்தலைப்புக்கும் பீகோ சேர்த்தாலும் ஒரு புடவைக்கு பாபினில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருந்தால் போதும். அதற்கு பாபினை முழுதாக நிரப்பினால் மிச்ச நூல் அதே நிறத்தில் இன்னொரு புடவை வரும் வரை டப்பாவில் கிடக்கும். பதினைந்து புடவை வந்தால் பதினைந்து நிறம். இங்கே பாபின் தீர்வதே இல்லை. நிறம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை போன்ற வேலைகள் இதற்கு நேரெதிர். ஒரே நிறம், நீளமான தையல். பாபின் அடிக்கடி தீரும். தமிழ்நாட்டில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பு வீட்டில் தனியார் பள்ளிச் சீருடை தைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஒரு நாள் கணக்கு

ஒரு பரபரப்பான நாளில் ஆறு முறை பாபினுக்காக மெஷினை நிறுத்துகிறோம், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பதினெட்டு நிமிடம்.

இப்போது தனிக் கருவி எதுவும் வாங்காமல், கூடுதலாகப் பன்னிரண்டு பாபின் மட்டும் வாங்குகிறோம். அன்றைய நிறங்களையெல்லாம் காலையிலேயே வரிசையாகச் சுற்றி வைத்துக்கொள்கிறோம். வேலை நடுவில் பாபினை மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. ஆறு முறைக்கு மூன்று நிமிடம். காலையில் சுற்றியதற்கு ஆறேழு நிமிடம். அதையும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பாபினின் விலை சில ரூபாய்தான்.

தனிக் கருவி வாங்கினால் இதற்கு மேல் மிச்சமாவது, காலையில் சுற்றும் அந்த ஆறேழு நிமிடம். அதுவும், கருவியின் பக்கத்தில் நின்று நூல் மாட்ட வேறொருவர் இருந்தால்தான். தைப்பவரே எழுந்துபோய் அதைச் சுற்றினால், கை மாறியதே தவிர நேரம் மிச்சமாகவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு வாரம் மட்டும், பாபினுக்காக நிறுத்தும் ஒவ்வொரு முறையும் போனில் உள்ள ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிவிட்டு ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். நிறம் மாற்றியதா, நூல் தீர்ந்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு ஜாக்கெட் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்கு என்ன கூலி என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கருவியின் விலை எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

ஆனால், அந்த வாரத்தை எப்போது தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். டெல்டாவில் தையல் வேலை வருடம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்து, குறுவை அறுவடையாகிக் கையில் காசு புரளும்போது தீபாவளித் துணி வரும். சம்பா அறுவடையை ஒட்டி பொங்கல் துணியும், பின்னாலேயே தை, மாசி முகூர்த்த ஜாக்கெட்டுகளும் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது. தீபாவளி வாரத்தின் அவசரத்தை மட்டும் பார்த்து வாங்கிய பொருள், மார்கழியில் அலமாரியில் தூங்கும். ஒரு பரபரப்பான வாரம், ஒரு சாதாரண வாரம் என்று இரண்டையும் குறித்துப் பார்ப்பது நல்லது.

திருபுவனம் சொல்லித்தரும் பாடம்

பாபின் சுற்றும் வேலையைத் தனியாகப் பிரிப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருபுவனம், பட்டுப் புடவைக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே தறியில் குறுக்கே போகும் ஊடை நூலை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, நாடாவுக்குள் வைப்பார்கள். அதற்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் தறி நிற்கும்.

தறியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் தார் சுற்றினால் புடவை நகராது. அதனால் வீட்டில் இன்னொருவர் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் வேலை.

தையல் மெஷினின் பாபினும் இந்தத் தாரும் உறவுக்காரர்கள்தான். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் மெஷினில், கீழ் நூலைக் கொண்டுபோனது தறியில் உள்ளது போன்ற ஒரு நாடாதான். வட்ட பாபின் வந்தது அதற்குப் பிறகு. இன்றும் நம் மெக்கானிக்குகள் பாபின் கேஸ் உட்காரும் பாகத்தை ஷட்டில் என்கிறார்கள். ஷட்டில் என்றால் நாடா.

தறி வீட்டில் ராட்டை பயன்படுவதற்கு இரண்டு காரணம். தறி நாள் முழுக்க ஓடுகிறது. ராட்டையில் உட்கார இன்னொரு ஆள் இருக்கிறார். தையல் வீட்டிலும் இந்த இரண்டும் இருந்தால் தனிக் கருவி கைகொடுக்கும். பள்ளிவிட்டு வந்த மகளோ, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமியாரோ நாளைக்கான பாபின்களைச் சுற்றித்தர முடிந்தால், தைப்பவர் மெஷினைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

முதலில் இருக்கிற மெஷினைப் பாருங்கள்

தனிக் கருவி தேடும் பலருக்கு உண்மையான பிரச்னை வேறு. மெஷினில் உள்ள பாபின் சுற்றி சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் அது. சொந்தமாக வாங்கியதாக இருந்தாலும் சரி, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்ததாக இருந்தாலும் சரி, சில வருடத்தில் கீழ்க்கண்டவை தேய்ந்துபோகும்.

* ரப்பர் வளையம்: பாபின் மெதுவாகச் சுற்றினாலோ, நின்று நின்று சுற்றினாலோ இந்த வளையம் தேய்ந்திருக்கும், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கும். துடைத்துப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மாற்றிவிடலாம். தையல் மெஷின் உதிரிபாகக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.
* நூல் வழிகாட்டி: நூல் பாபினின் ஒரு பக்கமாகவே குவிந்தால், நூல் போகும் சின்னத் தட்டு நகர்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தி, பாபினின் நடுவுக்கு நேராக நகர்த்தி இறுக்க வேண்டும்.
* இரண்டாவது நூல் கம்பி: பல மெஷின்களில் நூல் மாட்ட இரண்டு கம்பிகள் இருக்கும். அடிக்கடி பயன்படும் நிறங்களில் இரண்டு டியூப் வாங்கி, ஒன்றை அந்தக் கம்பியில் மாட்டிச் சுற்றினால் மேல் நூலை உருவவே வேண்டாம்.

கால் மெஷினுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் காலால் மிதித்தால் தைக்கவும் முடியும், பாபின் சுற்றவும் முடியும்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

வாங்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள்:

* கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருப்பவர்கள். மேலே எத்தனை நிறம் மாறினாலும் கீழே பெரும்பாலும் ஒரே மெல்லிய வெள்ளை நூல்தான். மணிக்கணக்கில் ஓடும்போது பாபின் மளமளவென்று தீரும்.
* சீருடை, திரைச்சீலை என்று ஒரே நிறத்தில் நாள் முழுக்கத் தைப்பவர்கள், அதுவும் உதவிக்கு ஆள் இருப்பவர்கள்.
* ஒரே அளவு பாபின் போடும் இரண்டு, மூன்று மெஷின்கள் ஓடும் வீடுகள்.
* மெஷினில் உள்ள சுற்றி உடைந்து, அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காதவர்கள்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள்: வாரத்துக்கு நான்கைந்து ஜாக்கெட் தைப்பவர்கள், வீட்டுத் துணியை மட்டும் தைப்பவர்கள், பவர் மெஷினில் ஏற்கெனவே சுற்றும் வசதி உள்ளவர்கள், தையல் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்கள். ஃபால்ஸ், பீகோ அடிப்பவர்களுக்கு முதல் தேவை பாபின் டப்பாவும் முப்பது பாபின்களும். அதற்குப் பிறகும் நேரம் போதவில்லை என்றால் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதாக இருந்தால்...

உங்கள் பாபினைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வீட்டுக் கறுப்பு மெஷினின் பாபினும் பவர் மெஷினின் பாபினும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உயரம் வேறு. கருவியின் அச்சில் உங்கள் பாபின் ஆடாமல் உட்கார வேண்டும். ஆன்லைனில் வாங்கினால், பொருந்தாதபோது திருப்பித் தர முடியுமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கருவியில் நூல் பஞ்சுபோல் தொளதொளவென்று சுற்றும். அந்த பாபினைப் போட்டுத் தைத்தால் துணியின் அடியில் நூல் முடிச்சு முடிச்சாக நிற்கும், அடிக்கடி அறுந்துபோகும். பாபின் நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி இருந்தால் நல்லது.

எதில் சுற்றினாலும் இதை மறக்காதீர்கள்

* பழைய நூலின் மேல் புது நூலைச் சுற்றக் கூடாது. முதலில் பாபினைக் காலி செய்யுங்கள்.
* நூல் நுனியை பாபின் ஓட்டை வழியாக வெளியே பிடித்துக்கொண்டு சில சுற்று ஓட்டிவிட்டு, நுனியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் கேஸில் மாட்டும்.
* ஒரே சீரான, நடுத்தர வேகத்தில் சுற்றுங்கள். பாலியெஸ்டர் நூலை வேகமாக இறுக்கிச் சுற்றினால் அது இழுபட்டு நீளும். தைத்த பிறகு பழைய நிலைக்குச் சுருங்கும்போது துணியும் சுருங்கி, தையல் சுருக்கம் விழும்.
* விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். வழிந்தால் கேஸில் திரும்பாது.
* சுற்றி முடித்த பாபினை நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழி விழாமல் கெட்டியாக இருந்தால் சரியாகச் சுற்றியிருக்கிறது.
* கனமான வேலை தொடங்கும் முன் அதே நிறத்தில் இரண்டு பாபின் சுற்றி வையுங்கள். கை இணைக்கும்போதும் கழுத்து பைப்பிங் வைக்கும்போதும் நூல் தீர்ந்து ஒட்டுத் தையல் போடும் நிலை வராது.

ஆயுத பூஜை அன்று டெல்டாவின் வீடுகளில் தையல் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். தீபாவளி அவசரம் தொடங்குவதும் அதையொட்டித்தான். பூஜைக்காக மெஷினைத் துடைக்கும்போதே எண்ணெய் விட்டு, ரப்பர் வளையத்தை மாற்றி, ஒரு டஜன் பாபினையும் வாங்கி வைத்துவிடலாம். அதற்குப் பிறகும், குறித்து வைத்த நோட்டில் தினமும் அரை மணி நேரம் பாபினுக்கே போவதாகத் தெரிந்தால், சுற்றித்தர வீட்டில் ஒரு கையும் இருந்தால், அந்தச் சின்னக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம்.